இரண்டு பேருக்கு ஒரு முகம்

பிப்ரவரி 6

அன்புள்ள முந்திக்கு,

கடிதத்தைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம், எங்கள் பாப்பா சுண்டெலிக்கு மட்டும் மூக்கு ஒழுகுகிறது. நீ சௌக்கியமா என்று கேட்கிற வேலையை என் போன் எடுத்துக்கொண்டுவிட்டது. நேற்று நீ நிறைய நடந்திருக்கிறாய், தண்ணீர் சரியாகக் குடிக்கவில்லை, அரைகுறையாகத் தூங்கியிருக்கிறாய். இதையெல்லாம் நான்தான் செய்தேன் என்று நினைத்து அது என்னைக் கடிந்துகொள்கிறது.

உனக்கு அனுப்பிய செய்தியெல்லாம் என் போனிலேயே வந்து விழுகிறது. உன்னை அழைத்தால், "உங்களை நீங்களே அழைக்க முடியாது" என்கிறது ஒரு பெண் குரல், புத்தி பேதலித்தவளிடம் பேசுவதுபோல அவ்வளவு கனிவாக. இவர் போனிலிருந்து உன் எண்ணைப் போட்டால் என் போன் அடிக்கிறது. "எடுத்துப் பேசேன், உங்க அக்காதான்" என்று இவருக்கு ஒரே சிரிப்பு. அதனால்தான் பேனாவைத் தேடி எடுத்தேன். தபால் பெட்டி எங்கே என்று கடையில் விசாரித்தபோது கடைக்காரர், "லெட்டரா? எழுதிட்டீங்கள்ல, ஒரு போட்டோ எடுத்து அனுப்பிருங்க, முடிஞ்சுது" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன். நான் கண் மருத்துவமனைக்கு வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழையபடி கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்கும் வேலை. அதற்காகச் சுண்டெலியைக் காப்பகத்தில் விட்டுப் பழக்குகிறோம். அங்கே வாசலில் உங்கள் நிறுவனத்துக் கருவி. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். திங்கட்கிழமை மாலை காட்டினேன். உன் பெயரைச் சொல்லி எனக்கு வணக்கம் வைத்தது. பிறகு, இந்தக் குழந்தையை அழைத்துப் போக உங்களுக்கு அனுமதி இல்லை என்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாதா நீங்கதான்னு?" என்றார் ஆயா. "இந்தக் கதவு என் பேச்சைக் கேக்காதும்மா. நான்தான் அது பேச்சைக் கேக்கணும்."

இவர் வேலை முடிந்து வந்து தன் முகத்தைக் காட்டும்வரை தெருவில் நின்றேன், பிள்ளை பிடிக்க வந்தவள் மாதிரி.

காரணம் நம் இருவருக்கும் தெரியும். சுண்டெலி வயிற்றில் இருந்தபோது கட்டிலை விட்டு இறங்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன், ஓட்டு, கதவு எல்லாவற்றுக்கும் இனி ஒன்றே என்ற 'ஒரே முகம்' அட்டைக்குப் படம் எடுக்க அன்றைக்குக் கடைசி நாள். "உன் மூஞ்சியும் என் மூஞ்சியும் வேறயா? நானே ரெண்டு தடவை உக்காந்துட்டு வரேன்டி" என்று கிளம்பினாய். முதலில் உன் பின்னலோடு. பிறகு தலையை விரித்துப் போட்டு, என் மூக்குக்கண்ணாடியோடு. வந்து நடித்தும் காட்டினாய். சிரிக்கக் கூடாது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தேன். இப்போது தேர்தலுக்கு முன்னால் போலிகளை நீக்குகிறோம் என்று எல்லாப் படங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒருத்தி என்று கண்டுபிடித்து என்னை உன்னோடு சேர்த்துவிட்டார்கள். அதில் தப்பும் இல்லையே, இரண்டு படமும் நீதானே!

உதவி கேட்டு எழுதினால், "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்று பதில் வருகிறது. அந்தப் பதில்களை எழுதுவது உன் வேலைதானே? எனக்கு உண்மையிலேயே புரிகிற ஆள் வேண்டும். நீ ஆளும் கட்சியைப் புகழ்ந்தாய், இவர் திட்டினார், நீ குடும்பக் குழுவை விட்டே போனாய், என்னோடும் பேச்சை நிறுத்தினாய். அதெல்லாம் அப்படியே இருக்கட்டும். இதை மட்டும் சரிசெய்து கொடு.

அப்பா நமக்கு வைத்த செல்லப் பெயரில் முடிக்கிறேன், கோபம் கொஞ்சமாவது குறையட்டும். கொஞ்சம் முன்னால் பிறந்ததால் நீ முந்தி. உன் பின்னாலேயே வந்த,

பிந்தி


பிப்ரவரி 15

பிந்தி,

உன் கையெழுத்து இன்னும் மழைக்குப் பயந்து ஓடும் எறும்புக் கூட்டம் மாதிரியேதான் இருக்கிறது. படித்து முடிக்க என் மதிய இடைவேளை முழுக்கப் போயிற்று.

எனக்கு மட்டும் சுகமா? நேற்றுக் கூட்டத்தில் மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போது என் போன், "பால் கொடுக்கும் நேரம்" என்று ராகம் போட்டுச் சொன்னது. அவர் பேச்சை நிறுத்தி, "போங்க, போயிட்டு வாங்க" என்றார். கல்யாணமே ஆகாதவள் எங்கே போவேன்? எழுந்து போய், வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

விசாரித்துவிட்டேன். வழி ஒன்றுதான். இரண்டு பேரில் ஒருவர் பதிவு அலுவலகத்துக்கு நேரில் போய், என்னை நீக்கிவிடுங்கள் என்று விலக வேண்டும். மற்றவர் உடனே சரியாகிவிடுவார். விலகியவர் புதிதாகப் படம் எடுத்துச் சேரலாம், ஆனால் தேர்தல் முடிகிறவரை புதுச் சேர்க்கை கிடையாது. அதுவரை அவருக்கு அட்டை இல்லை, போன் இல்லை, ஓட்டும் இல்லை.

நீ விலகிவிடு. எனக்கு அலுவலக வாசலே முகத்தைக் காட்டினால்தான் திறக்கும். உனக்கு என்ன, வீட்டில்தானே இருக்கிறாய். வேலைக்குப் போவதைக் கொஞ்சம் தள்ளிப் போடு.

இன்னொன்று. திட்டத்தின் மேல் பழி போடாதே. ஒருவருக்கு ஒரு முகம் என்பதில் என்ன தப்பு? எத்தனை பேர் இல்லாத ஆட்களின் பெயரில் அரசு உதவியை வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள்? நல்லது என்று நம்பித்தான் அன்றைக்குக் குழுவில் எழுதினேன். அதற்கு உன் வீட்டுக்காரர், "வாங்குற சம்பளத்துக்கு எழுதுறாங்க" என்று போட்டார். நீயும் அதே குழுவில்தான் இருந்தாய். ஒரு வார்த்தை எழுதவில்லை. என் கோபம் அவர்மேல் இல்லை பிந்தி.

"புரிகிறது" நான் எழுதியதுதான். பல விதமாக எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு அதுதான் பிடித்திருந்தது.

முந்தி


பிப்ரவரி 23

அன்புள்ள முந்திக்கு,

"வீட்டில்தானே இருக்கிறாய்." இந்த வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ஆமாம், வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு கையால் இவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இவள் கொட்டியதைத் துடைத்துக்கொண்டு. மற்றபடி ஓய்வுதான்.

நான் விலகினால் என்ன ஆகும் என்று காப்பகத்தில் கேட்டேன். பதிவில் அம்மா என்கிற இடம் காலியாகிவிடுமாம். தடுப்பூசி போடும் இடம், குழந்தை டாக்டர், எல்லா வாசலிலும் அதே கருவிதான். இவர் இருந்தால் திறக்கும். இவரோ வாரத்தில் பாதி நாள் வெளியூரில். அந்த நேரம் பார்த்து இவளுக்கு ஏதாவது ஆனால்? எனக்கு இப்போதெல்லாம் யோசிப்பதும் பயப்படுவதும் ஒன்றுதான். மருத்துவமனையில் ஏற்கெனவே விடுப்பை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள். மார்ச் முடிவதற்குள் வரவில்லை என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள்.

டிவியில் அமைச்சரைப் பார்த்தேன். "குறை சொல்கிறவர்கள் எங்கே? ஒருவராவது வந்து முகத்தைக் காட்டட்டும்" என்று முழங்கினார். எழுந்து போய் டிவிக்கு என் முகத்தைக் காட்டினேன். சுண்டெலி கை தட்டினாள்.

அன்றைக்குக் குழுவில் நான் எழுதாமல் இல்லை. எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று உன் திரையில் மூன்று புள்ளி துடித்திருக்குமே, பார்க்கவில்லையா? உன் பக்கம் எழுதினால் இவருக்கு வலிக்கும், இவர் பக்கம் எழுதினால் உனக்கு. அதற்குள் இவள் அழ ஆரம்பித்தாள். திரும்பி வந்து பார்த்தபோது நீ இல்லை.

போகட்டும். ஒன்று கேட்கிறேன். சாயங்காலம் ஆனால் போன் தானாகவே ஒரு படம் தயார் பண்ணிக் காட்டுகிறதே, 'உங்கள் இனிய நாள்' என்று, மெல்லிய இசையோடு, உனக்கும் வருகிறதா? எனக்கு உன் படங்களும் என் படங்களும் கலந்து வருகின்றன. அதில் ஒரு பெண் இருக்கிறாள். குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். வெந்நீரின் ஆவி எழுகிறது, அப்படியே மேகமாகி உங்கள் அலுவலகக் கண்ணாடிச் சுவரில் மிதந்து போகிறது. அந்த நீளமான நடைக்கூடத்தில் ஈரக் காலோடு நடக்கிறாள். எங்கோ தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் சுண்டெலி அவள் மடியில். அவளுக்குக் களைப்பே இல்லை முந்தி. அது நானும் இல்லை, நீயும் இல்லை. நமக்குத் தெரியாமல் நமக்கு ஒரு தங்கை பிறந்துவிட்டாள் போல. பார்த்துக்கொண்டே இருந்தால், எல்லாவற்றையும் இவளே பார்த்துக்கொள்ளட்டும், நாம் இரண்டு பேரும் போய்ப் படுத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

பிந்தி


மார்ச் 2

அன்புள்ள பிந்திக்கு,

அந்தப் புள்ளிகளைப் பார்த்தேன். வந்தன, போயின, மறுபடி வந்தன. அப்போது பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் பேருந்து வந்தது, ஏறவில்லை. அடுத்தது வந்தது, அதிலும் ஏறவில்லை. பிறகு புள்ளிகள் வரவே இல்லை. அதற்குப் பிறகுதான் குழுவை விட்டு வெளியே வந்தேன்.

அந்தப் படம் எனக்கும் வருகிறது. சுண்டெலியின் இடது காதுக்குப் பின்னால் சிவப்பாக இருக்கிறதே, என்ன அது? டாக்டரிடம் காட்டினாயா? வியாழக்கிழமை போட்டிருந்த மஞ்சள் சட்டை கழுத்தை இறுக்குகிறது, இனிப் போடாதே. கீழ்ப்பல் இன்னொன்று வந்துவிட்டதா, இல்லை அது வெளிச்சமா? ஞாயிற்றுக்கிழமை ஏன் ஒரு படமும் எடுக்கவில்லை? அன்றைக்கு முழுக்க நான் ஜன்னலிலிருந்து எடுக்கும் மரம் மட்டும்தான் வந்தது.

நான் விலகுவதைப் பற்றியெல்லாம் யோசிக்க நேரமில்லை. வேலை கழுத்தை நெரிக்கிறது. உன்னைப் போல நிறையப் பேர் எழுதுகிறார்கள். இரட்டையர்கள், அக்கா தங்கைகள், ஒரே சாயலில் இருக்கும் அப்பாவும் மகனும். ஒரு பெரியவரை இறந்துபோன தம்பியோடு சேர்த்துவிட்டார்களாம். "அவன் போயிட்டான், நான் இருக்கேன். இதை யார்கிட்ட சொல்றது?" என்று கேட்டிருந்தார். நான் படித்து முடிப்பதற்குள் "புரிகிறது" தானாகவே அவருக்குப் போய்விட்டது. மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஆயிரத்துல ஒண்ணு அப்படித்தாங்க இருக்கும். தேர்தல் நேரம், கிளறாதீங்க" என்றார். ஆயிரத்தில் ஒன்று என்றாலும் அது ஒரு முழு ஆள் இல்லையா?

இதை உன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதே. சந்தோஷப்படுவார்.

காதுக்கு என்ன என்று எழுது.

முந்தி


மார்ச் 11

அன்புள்ள முந்திக்கு,

காதுக்குப் பின்னால் வெறும் வியர்க்குரு. பவுடர் போட்டேன், போய்விட்டது. பல் வந்தது நிஜம்தான், வெளிச்சம் இல்லை. என்னைக் கடித்துக் காட்டிவிட்டாள். மஞ்சள் சட்டையை எடுத்து வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை எனக்குத் தலைவலி, இவளை அவரிடம் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். அதற்குள் நீ அங்கே தவித்திருக்கிறாய்.

நீ தினமும் ஒரே ஜன்னலிலிருந்து ஒரே மரத்தை எடுக்கிறாய். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நானும் அதற்குக் காத்திருக்கிறேன். நேற்று அதன் உச்சியில் இலைகளே தெரியவில்லை, வெளிச்சம் மட்டும் கிளை கிளையாக நின்றது. நீ சாப்பிடுவதும் ஒரே தட்டில்தான். எதிரே ஒரு நாற்காலி, அதில் எப்போதும் உன் கைப்பை உட்கார்ந்திருக்கிறது. சொல்லவே இல்லையேடி. குழுவில் இருந்தபோது காலையில் எத்தனை பூ அனுப்புவாய், எத்தனை கைதட்டல் அனுப்புவாய்! அந்தப் பூவுக்கெல்லாம் பின்னால் இப்படி ஒரு நாற்காலி இருந்தது எனக்குத் தெரியாது.

காப்பகத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த மாதத்துக்குள் அம்மாவின் பதிவு நேராகவில்லை என்றால் இவள் பெயரை எடுத்துவிடுவார்களாம். "மேல இருந்து வந்திருக்கும்மா" என்று ஆயா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மருத்துவமனைக்கு ராஜினாமாக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டேன். "தவிர்க்க முடியாத காரணங்களால்" வரை வந்திருக்கிறது. அதற்கு மேல் பேனா போகவில்லை.

நீ சங்கடப்படாதே. அடுத்த வாரம் நானே போய் விலகிவிடுகிறேன். ஒருத்திக்காவது கதவு திறக்கட்டும். ஆனால் நான் விலகினால் இந்தப் படமும் நின்றுவிடும். அப்புறம் உனக்கு உன் மரம் மட்டும்தான் வரும். அதனால் போகிறவரை நிறைய எடுத்துத் தள்ளுகிறேன். குளியல், தூக்கம், கோபம், எல்லாம். தூங்கும்போது இவள் விரல்கள் தண்ணீருக்குள் இருப்பதுபோல மெல்ல அசைகின்றன. அதை மட்டும் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் படுத்தால்தான் தெரிகிறது.

உன்,
பிந்தி


மார்ச் 17

அன்புள்ள பிந்திக்கு,

நீ போகாதே. நான் போய்விட்டு வந்துவிட்டேன்.

அந்த அலுவலர் சின்னப் பையன்தான், நல்ல மாதிரி. "காரணம்?" என்றார்.

"ரெண்டு படமும் நான்தான். ஒண்ணு என் தங்கச்சிக்காக உக்காந்தேன்."

இரண்டையும் திரையில் பெரிதாக்கி மாறி மாறிப் பார்த்தார். "இதுல எது மேடம் நீங்க?"

"ரெண்டும்."

"அது சரி. எதை நீக்கட்டும்?"

உன் மூக்குக்கண்ணாடி போட்ட முகத்தை விட்டுவைக்கச் சொன்னேன். அதில்தான் நான் அழகாக இருக்கிறேன். ஒரு பொத்தானை அமுக்கினார், அவ்வளவுதான். வலிக்கவில்லை.

வெளியே வந்தபோது என் போன் வெறும் கண்ணாடித் துண்டு. மணிகூடக் காட்டவில்லை. கையை வீசிக்கொண்டு நடந்தேன். என் நடையை யாரும் எண்ணவில்லை என்பது உள்ளங்காலில் தெரிந்தது. காற்றில் நடப்பதுபோல, அல்லது யாரோ கனவில் என்னை நடக்கவிட்டு மறந்துவிட்டதுபோல இருந்தது. தெருமுனையில் பெரிய விளம்பரத் தட்டியில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே, 'ஒருவருக்கு ஒரு முகம்'. நின்று பார்த்தேன். அவருக்கு மட்டும் தெருவுக்கு நாலு முகம் இருந்தது.

அலுவலகக் கதவு திறக்கவில்லை. மேலாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று கையை விரித்தார். ஏதோ சொன்னார், சத்தம் வரவில்லை. காவலாளிதான் உள்ளே போய்க் கேட்டு வந்து சொன்னார், வேலை உண்டா இல்லையா என்பது தேர்தலுக்குப் பிறகுதான் தெரியுமாம். பாவம், நான் ஏதோ திருடிவிட்டதுபோல அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

ஓட்டும் போயிற்று. வயது வந்ததிலிருந்து ஒன்றைக்கூட விட்டதில்லை. உன் வீட்டுக்காரரிடம் சொல், அவருடைய எதிரணியில் ஒன்று குறைந்தது என்று. உண்மையைச் சொன்னால், இந்தத் தடவை யாருக்குப் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. உள்ளே போய் நின்றால்தான் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் ஆனால் கை தானாகப் போனைத் தேடுகிறது. மரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சுண்டெலியைப் பற்றி எழுது. சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே.

முந்தி


ஏப்ரல் 4

அன்புள்ள முந்திக்கு,

கதவு திறந்தது. என் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தது. ஆயாதான் முதலில் கை தட்டினார். இவளைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே நடந்தேன். இவள் என் கண்ணீரைத் தொட்டுத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள், பிடிக்கவில்லை போல, என் சேலையில் துடைத்துவிட்டாள். வேலையில் சேர்ந்துவிட்டேன். மாலையில் போய் முகத்தைக் காட்டி இவளை வாங்கி வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அது பெயரைச் சொல்லி முடிக்கும்வரை கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டே நிற்கிறேன்.

போனில் இப்போது நான் மட்டும்தான் வருகிறேன். ஈரக் காலோடு நடப்பவள் நடைக்கூடத்துக்குப் போகாமல் சமையலறைக்குள்ளேயே சுற்றுகிறாள். பார்க்கவே களைப்பாக இருக்கிறாள். அதை அணைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். தெருவுக்கு நாலு முகம் என்ற இடத்தில் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கக்கூட இல்லை. ஓட்டும் போயிற்று என்ற இடத்தில் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். "சம்பளத்துக்குன்னு நான் எழுதினது தப்பு" என்றார். "அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றேன். கடிதமெல்லாம் எழுத வராதாம். மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிவிடுவாராம்.

நேற்று ஓட்டுப் போட்டேன். வரிசையில் நின்றபோது அது என் ஓட்டாகத்தான் இருந்தது. தடுப்புக்குப் பின்னால் போனதும் உன்னுடையதாகத் தோன்றியது. நீ இந்நேரம் எந்தப் பக்கம் சாய்ந்திருப்பாய்? அந்தப் பெரியவரின் கேள்வியை வைத்துக்கொண்டா, நல்லது என்று நம்பினாயே அதை வைத்துக்கொண்டா? உன் பக்கமிருந்து ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன், என் பக்கமிருந்து ஒரு தடவை. "என்னம்மா, தூங்கிட்டீங்களா?" என்று வெளியிலிருந்து குரல் வந்த பிறகுதான் கை அசைந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர், "நம்ம சின்னத்துக்குத்தானே?" என்றார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். "ஏய், நிஜமாவே சொல்ல மாட்டியா?" என்று பின்னாலேயே சமையலறை வரை வந்தார். சொல்லவில்லை.

உனக்கும் எழுத மாட்டேன். உங்கள் ஊரிலிருந்து காலையில் ஒரு பழைய பேருந்து கிளம்புகிறதாம். கையில் காசு கொடுத்தால் ஏற்றிக்கொள்கிறார்கள், பெயர்கூடக் கேட்பதில்லையாம். அதில் ஏறி வா. புதுச் சேர்க்கை தொடங்கும்வரை இங்கேயே இரு. சுண்டெலி உன்னைப் பார்த்ததும் என்ன செய்வாள் என்று தெரியவில்லை. நம் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்து அலறினாலும் அலறுவாள். அலறட்டும். நீயும் இவரும் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, எச்சில் தெறிக்க, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அரசியல் பேசுங்கள். நானும் நடுவில் பேசுவேன், இந்தத் தடவை என்னை அடக்க முடியாது. யாருக்குப் போட்டேன் என்று அப்போது என் வாயிலிருந்து பிடுங்கிக்கொள்.

உன்,
பிந்தி